சின்னச் சில்லுகள் பார்க்கும் திசை

மெதுவாக உருட்டினால் பந்து நேராகப் போனது. வேகமாக உருட்டினால் இடப்பக்கம் போனது.

நேசமலருக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான். அதே கை, அதே பந்து, அதே சீமெந்துத் தளம். வலுக் கொடுக்காமல் விட்டால் பந்து கோடு கீறியதுபோலப் போய், முன்னால் நிற்கும் போத்தலைப் பூனை உரசுவதுபோல உரசிவிட்டு நின்றுவிடும். போத்தல் விழாது. வலுக் கொடுத்து விட்டால் தளம் இரைய இரைய ஓடும். ஆனால் பாதித் தூரத்திலேயே அது வேறெங்கோ போகப்போகிறது என்று தெரிந்துவிடும். போத்தல்களுக்கு இடப்பக்கத்தால் ஒரு முழம் விலகி, தளத்தின் ஓரத்தில் பக்கத்து வளவுக் கௌசலா காயப்போட்டிருக்கும் கச்சான் கடலைக்குள் போய்ப் புதையும்.

“உங்கட பந்துக்கு என்ர கச்சான்தான் வேணுமாம் அக்கா,” என்று கௌசலா எழும்பி வருவாள். பந்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள், பிள்ளையை வைப்பதுபோல. “இது என்ன விளையாட்டோ. பௌலிங் எண்டியள். விக்கெட்டும் இல்லை, மட்டையும் இல்லை, அவுட்டாகிப் போறது நான் மட்டும்தான்.”

“உன்ர கச்சானை வலப்பக்கம் போடன்.”

“போட்டா அங்க வரும். எனக்குத் தெரியும் இதின்ர குணம்.”

அந்தத் தளம் வட்டக்கச்சியில் வாய்க்கால் கரையோரம், கமக்காரர் அமைப்பின் நெற்களஞ்சியத்துக்கு முன்னால் கிடந்தது. காலபோக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் அங்கே கால் வைக்க இடமிராது. நெல்லைப் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலாலேயே கோதிக் கோதிப் புரட்டிவிடுவார்கள். சித்திரைக்குப் பிறகு தளம் வெறிச்சென்று கிடக்கும். வெள்ளாடுகள் மத்தியானத்தில் களஞ்சியத்தின் நிழல் விழும் பக்கமாகப் படுத்து அசைபோடும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் புழுதி ஒரு மெல்லிய சீலைபோலத் தளத்தின் மேல் நகர்ந்து போவதைப் பார்க்கலாம்.

இப்படியான தளங்களைத் தட்டையாகப் போடுவதில்லை. மழை பெய்தால் தண்ணீர் தேங்கக்கூடாது என்பதற்காக நடுவைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்துவிடுவார்கள். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். ஆகவே நேசமலரின் கணவன் தங்கராசா முதலில் சந்தேகப்பட்டது தளத்தைத்தான். வாளியில் தண்ணீர் அள்ளிவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இறங்குகிறதோ அதுதான் தளத்தின் முதுகு. அந்த முதுகின் வழியே கரிக்கட்டியால் நீளக் கோடு கீறினான். கோட்டின் ஒரு நுனியில் மண் நிரப்பிய பத்துச் சோடாப் போத்தல்களை முக்கோணமாக நிறுத்தினான். மறு நுனியில் குறுக்குக் கோடு போட்டான். அதுதான் அவள் உருட்டும் இடம்.

“இனி இடமும் இல்லை, வலமும் இல்லை. விடு பாப்பம்,” என்றான்.

மெதுவாக விட்ட பந்து முதுகின் மேல் நடந்து போனது. வேகமாக விட்டது கச்சானுக்குப் போனது.

பிறகு பந்தைச் சந்தேகப்பட்டார்கள். அது கொழும்பில் ஒரு பந்துருட்டு மண்டபத்தில் பழசாகிக் கழித்துவிட்ட பந்து. கத்தரிக்காய் நிறம். விரல் விடுவதற்கு மூன்று துளைகள். அவை யாரோ தடித்த விரல்காரருக்குத் துளைத்தவை என்பதால் நேசமலர் சைக்கிள் ரியூப்பை வெட்டி உள்ளே ஒட்டியிருந்தாள். பந்தின் ஒரு பக்கம் பாரமாக இருந்தால் அது அந்தப் பக்கம் இழுக்கும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. இந்தப் பந்து வகையில் பாரம் குறைந்தவை தண்ணீரில் மிதக்கும். துளைகளைக் களிமண்ணால் அடைத்துக் கிணற்றடித் தொட்டியில் விட்டார்கள். பாரமான பக்கம் இருந்தால் எப்படிச் சுழற்றிவிட்டாலும் அந்தப் பக்கம் கீழே போய்த்தான் நிற்கும்.

அன்று பின்னேரம் முழுவதும் தொட்டிக்குப் பக்கத்தில் தன் சக்கர நாற்காலியை, சில்லுக்கதிரையை, விட்டுக்கொண்டு நேசமலர் பந்தைச் சுழற்றினாள். வேப்பம்பூக்கள் தண்ணீரில் விழுந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே அந்தக் கத்தரிநிற உருண்டை சத்தமில்லாமல் சுற்றி, அசந்து, நின்றது. ஒவ்வொரு தரமும் வேறு வேறு பக்கத்தை மேலே காட்டியது. வானத்தில் இருக்கிற ஏதோ ஒன்று வழி தவறித் தன் வீட்டுத் தொட்டிக்குள் வந்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. எதற்காகச் சுழற்றினாள் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டாள்.

“என்னவாம்?” என்று தங்கராசா கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

“பந்தில பிழையில்லை.”

கடைசியாகக் கையைச் சந்தேகப்பட்டார்கள். வேகமாக விடும்போது மணிக்கட்டு திரும்பலாம் என்று, அவளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் லாபிர் தொலைபேசியில் சொன்னார். நேசமலர் வீட்டில் தையல் வேலை செய்பவள். துணி அளக்கும் தன் மர அடிமட்டத்தையே முன்னங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உருட்டினாள். மணிக்கட்டு திரும்பவில்லை. பந்து திரும்பியது.

லாபிர் முல்லைத்தீவுக்காரர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் செயற்கைக் கால். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து, போட்டிகளுக்குக் கூட்டிப்போவது அவருடைய வேலை. சொந்த ஓட்டோவில் ஊர் ஊராகத் திரிவார். போன வருடம் கொழும்பில் நடந்த பந்துருட்டுப் போட்டியைப் பார்க்கவென்று ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிப்போனார். நேசமலர் அந்த மண்டபத்தைக் கண்டது அப்போதுதான்.

அதை அவள் எவருக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வெளியே வெயில், வாகன இரைச்சல். கதவைத் திறந்தால் குளிரும் மங்கலும். நிலம் முழுக்க மரம். காற்றில்லாத விடியலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடப்பதுபோல அந்த மரம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. தூரத்தில் வெள்ளைக் கட்டைகள் கொக்குக் கூட்டம்போல நின்றன. பந்து போகும்போது ஒரு முழக்கம், மழைக்கு முன்னால் தூரத்தில் கேட்பது மாதிரி. பிறகு கட்டைகள் சிதறும் சத்தம்.

அன்று அவளுக்கும் உருட்டத் தந்தார்கள். மடிக்கு முன்னால் ஒரு சாய்வுச் சட்டத்தை வைத்து, அதன் உச்சியில் பந்தை வைத்து, “ஒரு விரலால தட்டிவிடுங்கோ” என்றார்கள். கையில் வலுக் குறைந்தவர்களுக்கான முறை அது. பந்து தன் பாட்டில் இறங்கிப் போய் இரண்டு மூன்று கட்டைகளை விழுத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். நேசமலர் சிரித்தாள். ஆனால் அந்தச் சத்தம் தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது சட்டத்தின் சத்தம். பக்கத்துப் பாதையில், இன்னொரு சில்லுக்கதிரைக்காரி கையை வீசி உருட்டினாள். அந்த முழக்கம் நேசமலரின் கதிரைக்குள்ளால் ஏறி நெஞ்சுக்குள் வந்து நின்றது. இடுப்புக்குக் கீழே எதையும் உணராத உடம்பில், அன்று கால்களும் அதைக் கேட்டன என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை லாபிர் தளத்துக்கு வந்தார். நேசமலர் உருட்டுவதைப் பார்த்தார். பந்து கச்சானுக்குள் போவதையும் பார்த்தார். கௌசலா கொடுத்த பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு களஞ்சியப் படியில் இருந்தார்.

“அக்கா, நான் மறைக்காமச் சொல்லுறன். இந்த முறை போட்டிக்குப் போற வேன்ல பொம்பிளையளுக்கு ஒரு இடந்தான் மிச்சம். சட்டம் வச்சு உருட்டுறதுக்குப் புதுக்குடியிருப்பு அனோஜா இருக்கிறா. கையால உருட்டுறதுக்குத்தான் ஆள் வேணும். நீங்கள் வலுவாயும் நேராயும் விட்டால் அந்த இடம் உங்கட. இல்லாட்டி வவுனியாவில ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டு நிக்குது. அவவும் பாவம்.”

“எப்ப முடிவு சொல்லுவியள்?”

“திங்கள் பொங்கல். செவ்வாய் நீங்கள் களைச்சுப் போயிருப்பியள். புதன் விடிய வாறன். அண்டைக்குப் பாத்திட்டுச் சொல்லுறன்.”

தங்கராசா பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். “தம்பி, கூட நானும் வரலாந்தானே?”

“இடமில்லை அண்ணை. உதவிக்கு அங்க பொம்பிளையள் நிப்பினம். நல்ல ஆக்கள்.”

“நல்ல ஆக்களாய் இருக்கட்டும். கதிரையைக் கோட்டில கொண்டுபோய் நிப்பாட்டத் தெரியுமோ அவைக்கு?”

“அண்ணை, அவை உங்களை மாதிரி ட்ரக்டர் ஓட்டுற ஆக்கள் இல்லைத்தான்,” என்று லாபிர் சிரித்தார்.

தங்கராசா சிரிக்கவில்லை. அவன் வேலை ட்ரக்டரில் பெட்டி பூட்டி நெல்லும் உரமும் மணலும் ஏற்றுவது. நிறைபாரப் பெட்டியைப் பின்னுக்கு எடுத்துக் களஞ்சியக் கதவுக்கு நேராக நிறுத்துவதில் அந்தப் பக்கத்தில் அவனுக்கு ஆளில்லை. கதிரையையும் அப்படித்தான் நிறுத்துவான். பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்து, குறுக்குக் கோட்டுக்கு மயிரிழை முன்னால் கதிரையை நிறுத்தி, தானே குனிந்து இரண்டு பிறேக்கையும் போட்டுவிட்டு, “சரி” என்பான்.

போரின் கடைசியில் மாத்தளனில் நேசமலரின் முதுகில் ஷெல் துண்டு ஏறியபோது அவர்களுக்குக் கலியாணமாகி ஒரு மாரிதான் கழிந்திருந்தது. தங்கராசா எங்கிருந்தோ எடுத்த ஒரு தள்ளுவண்டியில் அவளைப் படுக்கவைத்து, மேலே தறப்பாளை மூடி, கடற்கரை மணலில் தள்ளிக்கொண்டு போனான். பிறகு முகாம், பிறகு வைத்தியசாலை, பிறகு ஊர். வீட்டுக்குள்ளே அவள் தானே சில்லை உருட்டித் தையல் மெசினுக்கும் குசினிக்கும் போய்வருவாள். படலையைத் தாண்டினால் அவன் கை கைப்பிடிக்கு வந்துவிடும். அவள் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

அன்று பொழுதுபட நேசமலர் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பும் மேசையும் அவள் கதிரையில் இருந்தபடி எட்டும் உயரத்தில் தங்கராசா கட்டியவை. அவன் வாசற்படியில் இருந்து தேங்காய் துருவினான்.

“கொழும்பில விழுந்தா என்ன செய்வாய்?” என்றான் திடீரென்று.

“இஞ்சயும் விழுந்தனான்தானே.”

“இஞ்ச நான் தூக்கினன்.”

“அங்க வேறை ஆள் தூக்குவினம்.”

“உன்னை எந்தப் பக்கத்தால தூக்கவேணும் எண்டு அவைக்குத் தெரியுமோ?”

“சொன்னாத் தெரியும். எனக்கு வாயில ஒண்டும் பழுதில்லையப்பா.”

தங்கராசா மற்றப் பாதித் தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினான்.

“பந்து நேராய்ப் போனாத்தானே உந்தக் கதையெல்லாம்,” என்றான் அவன்.

“போகாது எண்டு ஆசையாய் இருக்கோ உங்களுக்கு?”

“ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?”

“சும்மா கேட்டனான்.”

மேசையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு விழுந்தது. நேசமலர் அதை எடுக்கச் சரிந்தாள். கீழே கிடப்பதை எடுக்கும்போதெல்லாம் நடப்பது இப்போதும் நடந்தது: கதிரையின் மூக்கு ஒரு பக்கமாகச் சறுக்கியது. முன்னால் இருக்கும் சின்னச் சில்லுகள் இரண்டும் ஒரு குலுக்கலோடு திரும்பின. அவள் இடது கையால் பெரிய சில்லைப் பற்றிக்கொண்டாள். அதற்குள் தங்கராசா எழும்பி வந்து வெங்காயத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டான்.

“இந்தா,” என்றான்.

பல வருடமாக இப்படித்தான். கதிரை என்றால் குனியும்போது சறுக்கும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

திங்கள் மத்தியானம் ட்ரக்டர்ப் பெட்டியில் ஏறி வற்றாப்பளைக்குப் போனார்கள். கௌசலாவின் வீட்டாரும் பக்கத்து வளவுக்காரரும் பானைகளும் விறகும் இளநீர்க் குலைகளும் இருந்தன. கதிரையைப் பெட்டியின் நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எல்லோரையும்விட உயரத்தில் இருந்து, முகத்தில் காற்று அடிக்க, நேசமலர் ஊர்கள் பின்னால் நழுவுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். விதைக்கப்போகும் சிறுபோக வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தது. பெட்டி ட்ரக்டரின் பின்னால் ஆடி ஆடி வந்தாலும், அது போகிற வழியை விட்டு விலகவில்லை.

கோயிலடியில் சனம். நந்திக்கடல் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. வேப்பிலையும் கற்பூரமும் பால் பொங்கி அடுப்பில் வழிந்த மணமும் அதோடு கலந்திருந்தன. மணலில் கதிரை புதையுமென்று தங்கராசாவும் இன்னும் இரண்டு பேரும் அவளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்துச் சீமெந்தில் விட்டார்கள். பெண்களின் வரிசை வேறு. தங்கராசா அங்கே வர முடியாது.

“கௌசலா, நீ பின்னால நிண்டு பிடி,” என்றான்.

“அர்ச்சனைத் தட்டை ஆர் பிடிக்கிறது? உங்கட கதிரையோ?” என்றாள் கௌசலா. “போய் விறகைத் தள்ளுங்கோ அண்ணை, அடுப்பு நூருது. அக்கா ஒண்டும் பால்குடியில்லை.”

நேசமலர் தானே உருட்டிக்கொண்டு வரிசையோடு போனாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். பறையின் ஒலி நிலத்தின் வழியாக வந்தது. கொழும்பு மண்டபத்து முழக்கம்போல அது கதிரையின் இரும்பில் ஏறி அதிர்ந்தது. உள்ளே, அந்தக் கோயில் வழக்கப்படி கடல் உப்புத்தண்ணீரில் எரியும் விளக்கின் சுடர் ஆடாமல் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன கேட்பது என்று நினைத்து வந்தாளோ அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நேராய்ப் போகவேணும் என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பந்தோ தானோ என்று அவளுக்கே தெரியவில்லை.

கும்பிட்டு முடிந்தால் அம்மனுக்கு முதுகைக் காட்டி உடனே திரும்புவதில்லை. முகத்தை அம்மன் பக்கம் வைத்துக்கொண்டே கொஞ்சத் தூரம் பின்னால் வந்து, பிறகுதான் திரும்புவார்கள். சுற்றி நின்ற பெண்கள் அப்படிப் பின்னால் அடியெடுத்தார்கள். நேசமலரும் இரண்டு கையாலும் பெரிய சில்லுகளைப் பின்னுக்கு உருட்டினாள். வேறு நாட்களில் தங்கராசா கைப்பிடியை இழுத்து, அந்த இழுப்பிலேயே கதிரையைத் திருப்பி வெளியே கொண்டுபோய்விடுவான். இன்று அவள் தன் பாட்டில் பின்னால் வந்து நின்றாள்.

பக்கத்தில் வந்த கௌசலாவின் தட்டிலிருந்து எலுமிச்சைத் தேசிக்காய் ஒன்று விழுந்தது. அது உருண்டு வந்து கதிரைக்கு முன்னால் கொஞ்சத் தூரத்தில் நின்றது.

“ஐயோ, மிதிக்கப்போகினம்!”

நேசமலரின் இடது கையில் பூவும் திருநீறும் இருந்தன. பெரிய சில்லைப் பிடிக்க மறந்து, வலது கையை மட்டும் நீட்டி, முழு உடம்பையும் முன்னால் சரித்துத் தேசிக்காயை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நெஞ்சு திடுக்கிட்டது. கதிரை சறுக்கவில்லை. குலுங்கவும் இல்லை. கல்லில் பதித்ததுபோல நின்றது.

அவள் சரிந்தபடியே கீழே பார்த்தாள். சின்னச் சில்லுகள் இரண்டும் அவள் பாதங்களுக்கு அடியில் இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டு நின்றன, நிலத்தில் இருக்கிற ஒருத்தி காலை நீட்டியிருப்பதுபோல.

“என்னக்கா, எழும்புங்கோ. சாமியோ வந்திட்டுது?”

“பொறு,” என்றாள் நேசமலர். தேசிக்காயை நிலத்தில் வைத்துவிட்டு இன்னொரு தரம் சரிந்து எடுத்தாள். கதிரை அசையவில்லை.

அவள் வெளியே வந்தபோது தங்கராசா வாழையிலையில் பொங்கல் புக்கை கொண்டுவந்து தந்தான். சூடு ஆற ஊதிக்கூடத் தந்தான். சொல்ல வேண்டும் என்று அவள் வாயெடுத்தாள். என்ன சொல்வது? சில்லைப் பற்றிச் சொல்வது சுகம். அதோடு சேர்ந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிற ஒவ்வொரு தரமும் கதிரை முன்னுக்கு வந்துதான் நிற்கிறது. மணலில் தள்ளியவனிடம் அதை எப்படித் தொடங்குவது?

“இனிப்புக் காணுமோ?” என்று கேட்டான்.

“காணும்,” என்றாள்.

புதன் விடிய லாபிர் வந்தார். காற்று இன்னும் எழும்பவில்லை. தளத்தில் பனியின் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கௌசலா அன்று கச்சான் போடவில்லை. “இண்டைக்கு ஒரு நாள் காயாட்டிப் பரவாயில்லை,” என்று தளத்தைக் கூட்டிவிட்டு ஓரமாய் நின்றாள்.

தங்கராசா கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தான். கோட்டுக்கு மயிரிழை முன்னால் நிறுத்தினான். குனிந்து பிறேக்கைப் போட்டான். “சரி,” என்றான்.

நேசமலர் வலுவாகவே விட்டாள். பந்து இடப்பக்கம் விலகி, வெறும் விளிம்பைத் தாண்டிப் புல்லுக்குள் போனது.

லாபிர் செயற்கைக் காலைக் கொஞ்சம் மாற்றி வைத்தார். “இன்னொருக்கா விடுங்கோ அக்கா. அவசரமில்லை.”

தங்கராசா பந்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு மறுபடி பின்னால் போனான். கைப்பிடியில் அவன் கை படுவது அவளுக்குத் தெரிந்தது.

“கையை எடுங்கோப்பா,” என்றாள்.

“என்ன?”

“கதிரையை விடுங்கோ. தள்ளிப்போய் நில்லுங்கோ. நான் போறன்.”

“கோட்டுக்கு நேராய் நிக்கவேணுமெல்லோ?”

“நிப்பன்.”

அவன் கை உடனே போகவில்லை. களஞ்சியத்துக் கூரையில் ஒரு புறா குறுகுறுத்தது. பிறகு கைப்பிடியில் இருந்த பாரம் இல்லாமல் போனது. அவன் இரண்டடி விலகி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், சாரத்தின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நேசமலர் பிறேக்கை எடுத்தாள். கதிரையைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி கோட்டை நோக்கி வந்தாள். கோடு தொடும்வரை வந்தாள். அங்கே நிற்காமல், சில்லுகளைப் பின்னுக்கு இழுத்து ஒரு சாண் தூரம் திரும்பி வந்தாள். கீழே சின்னச் சில்லுகள் சுற்றி முன்னுக்குப் போகும் சத்தம் கேட்டது. பிறேக்கைப் போட்டாள். கையைப் பின்னால் கொண்டுபோய், முழு உடம்பும் முன்னால் சரிய வீசிவிட்டாள்.

பந்து தளத்தின் முதுகில் ஓடியது. முழங்கிக்கொண்டே ஓடியது. அது போகும்போது கரிக்கோடு அதன் அடியில் மறைந்து மறைந்து திரும்பத் தெரிந்தது. நேசமலருக்கு அது மிக மெதுவாகப் போவதுபோல, தொட்டித் தண்ணீரில் சுழன்றதுபோல, போய்ச் சேர ஒரு பின்னேரம் முழுக்க எடுப்பதுபோல இருந்தது. பிறகு மண் நிரப்பிய போத்தல்கள் ஒன்றோடொன்று மோதிச் சரிந்தன. இரண்டு மட்டும் நின்றன. அவையும் யோசித்தன, ஒன்று விழுந்தது.

“அம்மாளே!” என்று கௌசலா தலையில் கை வைத்தாள். “கச்சானைப் போட்டிருக்கலாம்!”

லாபிர் எழும்பி வந்தார். தங்கராசா அதற்கு முன்னால் கதிரைக்கு முன்னே வந்து முழங்காலில் இருந்துவிட்டான். சின்னச் சில்லு ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தான். அதைத் தாங்கும் கவட்டுக் கம்பி நிலத்துக்கு நேராக இறங்கவில்லை, சரிந்து இறங்கியது. அதனால் கதிரை முன்னுக்குப் போனால் சில்லு பின்னால் இழுபட்டு வரும். பின்னுக்குப் போனால் சுற்றி முன்னால் வந்துவிடும். அந்தச் சரிவை அவன் விரலால் தடவினான்.

“இது பெட்டிதானே,” என்றான் கடைசியில். “ட்ரக்டர் முன்னுக்கு இழுத்தால் பெட்டி ஒழுங்காய்ப் பின்னால வரும். பின்னுக்குத் தள்ளினால் மடங்கிப் பக்கத்தால ஓடும். நீ எறியேக்க கதிரை பின்னுக்கு உதைக்குது, என்ன?”

“உதைக்குது. பிறேக் போட்டிருந்தாலும் ரயர் ரப்பர்தானே. விரலளவு அசையும்.”

“அந்த விரலளவு உதையில சின்னச் சில்லு சுத்தப் பாக்கும். சுத்தேக்க கதிரையின்ர மூக்கை இழுத்துப்போடும்.” அவன் போத்தல்கள் இருந்த திசையைப் பார்த்தான். “இஞ்ச விரலளவு திரும்பினால் அங்க ஒரு முழம். மெல்லமாய் எறிஞ்சா உதை இல்லை. அதுதான் நேராய்ப் போச்சு.”

“ஓம்.”

“முன்னமே பின்னுக்கு வந்து நிண்டா, சில்லு சுத்தவேண்டியதெல்லாம் சுத்தி முடிஞ்சுது. பிறகு உதைச்சாலும் அதுக்குப் போக இடமில்லை.”

“ஓம்.”

அவன் சில்லிலிருந்து கையை எடுத்தான். “அப்ப நான் கொண்டுவந்து நிப்பாட்டினதாலதான் இவ்வளவு நாளும்…”

“நீங்கள் கொண்டுவந்து நிப்பாட்டினதாலதான் நான் இந்தத் தளத்துக்கே வந்தனான்,” என்றாள் நேசமலர். “இனிக் கோட்டுக்கு நான் போறன். நீங்கள் போத்தலடியில நில்லுங்கோ. பந்து வாறது அங்கையிருந்து நல்லாத் தெரியும்.”

தங்கராசா எழும்பி, முழங்காலில் ஒட்டிய புழுதியைத் தட்டினான். தளத்தின் மறுநுனிக்கு நடந்துபோய் விழுந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தத் தொடங்கினான். களஞ்சியக் கதவுக்குப் பெட்டியை நிறுத்தும் அதே கவனத்தோடு, ஒரு கண்ணைச் சுருக்கி, முன்போத்தலைக் கரிக்கோட்டின் மேல் வைத்தான்.

“வேனில ஏறுற நாளை நான் பிறகு சொல்லுறன் அக்கா,” என்றார் லாபிர். “இப்ப இதைச் சொல்லுங்கோ, மற்ற ஆக்களுக்கும் காட்டிக் குடுக்கவேணும். என்ன செய்தனீங்கள்?”

நேசமலர் மடியில் பந்தை ஏந்திக்கொண்டு, தளத்தின் அந்த நுனியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“கோடு வரைக்கும் ஆள் தானாய் உருட்டிப் போகவேணும். பிறகு ஒரு சாண் பின்னுக்கு வரவேணும். அப்ப சின்னச் சில்லு ரண்டும் முன்னுக்குத் திரும்பி நிக்கும். அதுக்குப் பிறகு பிறேக்கைப் போட்டிட்டு, எவ்வளவு வலுவாயும் எறியலாம். நேராய்ப் போகும்.”